ஏழாம் பாட்டின் கடைசிச் சொல்

கொள்ளிடத்தின் வடகரையில் ஓடத்துறை என்று ஓர் ஊர். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் அங்கே ஓடம் தள்ளிப் பிழைத்த ஒருவர், கரையில் ஆள் சேரும்வரை பாடிக்கொண்டிருப்பாராம். அப்படிப் பாடியவை பன்னிரண்டு பாட்டுகள். ஊரார் அவரை ஓடத்துறை அடிகள் என்றார்கள். அவருடைய சமாதிக்குப் பக்கத்தில் ஒரு மண்டபம் உண்டு. வெள்ளிக்கிழமை மாலைகளில் அங்கே கூடி அந்தப் பாட்டுகளைப் பாடுவார்கள். பாடி முடித்தபின் பொருள் கேட்பார்கள்.

பொருள் சொல்பவர் அங்கயற்கண்ணி. வயது நாற்பத்து நான்கு. பகலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் வேலை. அதுவரை மண்டபத்தில் பொருள் சொல்லிவந்த அவருடைய வாத்தியார், காலமாவதற்கு ஒரு மாதம் முன்பு அவரைக் கூப்பிட்டுத் தம் இடத்தில் உட்காரச் சொல்லியிருந்தார். அது நடந்து ஆறு ஆண்டு ஆகிறது. கேட்க வருகிறவர்களில் பாதிப் பேர் அவரைவிட இருபது வயது மூத்தவர்கள். அவர்களும் அவரை அம்மா என்றே அழைத்தார்கள்.

அந்த மூத்தவர்களில் ஒருவர் சப்தரிஷி. ரயில்வேயில் கால அட்டவணை போடும் பிரிவில் முப்பத்தைந்து ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தவறமாட்டார். ஆனால் மண்டபத்தில் ஆறாம் பாட்டு முடிந்ததும் எல்லோரும் நேராக எட்டாம் பாட்டுக்குப் போய்விடுவதற்கு அவரும் ஒரு காரணம்.

இன்னொரு காரணம் அய்யாக்கண்ணு. வேன் வைத்து ஓட்டுபவர். இரண்டு பேரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. ரிஷி என்றும் கண்ணு என்றும்தான் ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொள்வார்கள். பதினோரு ஆண்டுகளுக்கு முன், அடிகளின் குருபூஜை அன்று, இருவரும் ஒரே மைக்கின் முன் நின்று ஏழாம் பாட்டைப் பாடினார்கள்.

ஆறு கடந்தேன், அடவி கடந்தேன்,
வேறொன்று வேண்டேன், நின் வாசல் வந்தேன் தொழ.

சப்தரிஷி தொழ என்று முடித்தார். அச்சுப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. வணங்குவதற்காக வந்தேன் என்று பொருள். அய்யாக்கண்ணு தோழ என்று முடித்தார். அவர் அம்மா பாடிக் கேட்டது அப்படி. நண்பனே, வந்துவிட்டேன் என்று பொருள். இரண்டும் ஒலிபெருக்கியில் ஒரே நேரத்தில் ஊர் முழுக்கக் கேட்டன.

"காதால கேட்டுப் படிச்சவனுக்கு எழுத்து எங்க தெரியும்" என்றார் சப்தரிஷி.

"தண்டவாளத்துலயே போனவனுக்கு வளைஞ்சு திரும்ப எங்க தெரியும்" என்றார் அய்யாக்கண்ணு.

மைக்கை யாரும் அணைக்கவில்லை. அன்றிலிருந்து அய்யாக்கண்ணு மண்டபத்துக்கு வருவதில்லை. இரண்டு வீடுகளுக்கும் நடுவில் இரண்டு தெருதான். பதினோரு ஆண்டில் ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்கவில்லை.

அங்கயற்கண்ணி பொருள் சொல்ல வந்த முதல் மாதமே சப்தரிஷி அவரிடம் கேட்டார். எது சரி என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார். ஓலையைப் பார்க்காமல் எப்படிச் சொல்வது என்று அவர் திருப்பிக் கேட்டார். அடிகளின் சீடர் எழுதிய ஓலை எங்கோ ஒரு நிலவறையில், பூட்டுக்குள் இருப்பதாகக் கேள்வி. அதனால் பேச்சு அத்தோடு நின்றது.

சென்ற வைகாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, சப்தரிஷி மண்டபத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து நின்றார். கையில் பத்திரிகையிலிருந்து கத்தரித்த ஒரு துண்டும் நான்காக மடித்த ஒரு தாளும் இருந்தன. சென்னையில் ஓர் அருங்காட்சியகத்தில் பழைய சமயச் சுவடிகளுக்குக் கண்காட்சி. அடுத்த மாதம் தொடங்கி நாற்பது நாள். பௌத்தச் சுவடிகள், சமணர்களின் ஓலைகள், அரபு எழுத்தில் தோல் ஏடுகள், இன்னும் என்னென்னவோ. அந்தப் பட்டியலின் கடைசியில் ஓடத்துறை அடிகள் பாடல் ஏடு என்று ஒரு வரி இருந்தது.

அங்கயற்கண்ணி அந்த வரியைப் படித்துவிட்டு மடித்த தாளைக் கேட்டார். அதில் சப்தரிஷி தம் பயணத்தைத் திட்டமிட்டிருந்தார். எந்த ரயில், எத்தனை மணிக்கு, எழும்பூரில் இறங்கி எந்த வாசல் வழியாக வெளியே வருவது, எந்தப் பேருந்து, கண்காட்சிக்குள் எத்தனை நிமிடம். பூதக்கண்ணாடி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சிவப்பு மையில் குறிப்பு. அவர் அதை மேலிருந்து கீழே வரை நிதானமாகப் படித்தார்.

"எங்கயும் ஒரு நிமிஷம்கூட வீணாகல" என்றார்.

சப்தரிஷியின் முகம் மலர்ந்தது. "பெரிய விஷயத்துக்குப் போறப்ப எப்படிப் போகணும்னு கேக்கத்தாம்மா வந்தேன். ஏதாவது விட்டுப்போச்சா?"

"ஒன்னு விட்டுப்போச்சு."

"என்ன?"

"ஒரு ஆளுக்குத்தான் இடம் இருக்கு."

அவருக்கு முதலில் விளங்கவில்லை. மண்டபத்தில் பன்னிரண்டு பேர் பாடுகிறோமே, எல்லோருக்கும்தானே அடிகள் என்றார் அங்கயற்கண்ணி. சப்தரிஷி அங்கேயே உட்கார்ந்து யோசித்தார். அந்த மாதம் முழுக்க ரயிலில் பன்னிரண்டு பேருக்குச் சேர்ந்தாற்போல் இடம் கிடைக்காது. அது அவருக்குப் பார்க்காமலே தெரியும். வேன்தான் வழி. ஓடத்துறையில் அத்தனை பேர் உட்காரக்கூடிய வேன் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

லால்குடியில் வேறு வண்டி பிடிக்கலாம் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே இன்னொரு எண்ணம் வந்தது. அவன் வரட்டும். ஓலையின் முன்னால் நிற்கட்டும். தன் கண்ணாலேயே பார்க்கட்டும். அந்த நினைப்பில் அவருக்கு ஒரு சந்தோஷம் உண்டாயிற்று. அது ஜெயிக்கப்போகிறவனுடைய சந்தோஷம்.

"கண்ணு வண்டியிலயே போயிடலாம்மா" என்றார். "நானே போய்க் கேக்கறேன்."

அங்கயற்கண்ணி தலையசைத்தார். காரணம் கேட்கவில்லை.

மறுநாள் காலை சப்தரிஷி இரண்டு தெரு தாண்டிப் போனார். அய்யாக்கண்ணு வாசலில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். குழாயைக் கையில் பிடித்தபடியே நின்றார். தண்ணீர் அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"ஒரு சவாரி விஷயமா வந்தேங்க" என்றார் சப்தரிஷி.

"சொல்லுங்க" என்றார் அய்யாக்கண்ணு.

அறுபது ஆண்டுப் பழக்கத்தில் இருவரும் ஒருவரை ஒருவர் வாங்க போங்க என்று பேசிக்கொண்டது அதுதான் முதல் தடவை. கேட்டுக்கொண்டிருந்த அய்யாக்கண்ணுவின் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

சப்தரிஷி பத்திரிகைத் துண்டைக் கொடுத்தார். அய்யாக்கண்ணு ஈரக் கையை வேட்டியில் துடைத்துவிட்டு வாங்கிப் படித்தார். படித்து முடித்தபோது அவர் முகத்திலும் அதே சந்தோஷம் தெரிந்தது. ஓலையில் தோழ என்றுதான் இருக்கும், அதை இவன் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கட்டும் என்று அவர் நினைத்துக்கொண்டதைப் பிறகு அவரே எல்லோரிடமும் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை போட்டார். ஓலையின் முன்னால் இருவரும் சேர்ந்துதான் நிற்க வேண்டும். ஒருவர் முன்னால் போய் ஒருவர் பின்னால் போகக் கூடாது.

"அதான் எனக்கும் வேணும்" என்றார் சப்தரிஷி.

பன்னிரண்டு பேர், ஓட்டுநர் ஒருவர், ஆகப் பதின்மூன்று பேருக்கு அவர் அன்றே புதிய திட்டம் போட்டார். அதிகாலை நான்கு பத்துக்குப் புறப்பாடு. ஆறு இருபத்தைந்துக்குத் தேநீர். ஏழு ஐம்பதுக்குச் சிற்றுண்டி. அதை எடுத்துக்கொண்டு அய்யாக்கண்ணுவிடம் போனால், அவர் நான்கு பத்து என்ற இடத்திலேயே நின்றுவிட்டார்.

"நாலு மணி, நாலேகால், சரி. அதென்ன நாலு பத்து? எதுத்தாப்புல கூட்ஸ் வருதா?"

சப்தரிஷி சிரிக்கவில்லை. ஆனால் அதை நாலேகால் என்று மாற்றினார். செங்கல்பட்டுப் பக்கம் பாலம் வேலை நடக்கிறது, அங்கே அரை மணி போகும் என்றார் அய்யாக்கண்ணு. அதையும் எழுதிக்கொண்டார். எழுதிய தாளை அங்கயற்கண்ணியிடம் காட்டினார்.

அவர் படித்துவிட்டு, மூட்டு வலிக்காரர்கள் நான்கு பேர் இருக்கிறார்களே, அவர்கள் வேனிலிருந்து இறங்கி ஏற எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார். சப்தரிஷிக்குத் தெரியவில்லை. அது அய்யாக்கண்ணுவுக்குத்தான் தெரியும். எனவே மறுபடியும் அங்கே போனார். அய்யாக்கண்ணு பழைய பலகை ஒன்றை எடுத்து அறுத்து, வேன் கதவுக்குக் கீழே வைக்க ஒரு படி செய்தார். சப்தரிஷி பலகையை ஆடாமல் பிடித்துக்கொண்டார். ஆணி அடிக்கும்போது பிடிக்கிறவர் விரல் மேல் சுத்தியல் விழாமல் இருக்க வேண்டுமே, அதனால் இருவரும் கொஞ்சம் பேசிக்கொள்ள வேண்டியிருந்தது.

அடுத்த தடவை அங்கயற்கண்ணி, எல்லோருக்கும் சாப்பாடு எழுதியிருக்கிறீர்கள், வண்டி ஓட்டுகிறவர் எப்போது சாப்பிடுவார் என்றார். இன்னொரு தடவை, மழை வந்தால் என்றார். பிறகு ஒரு நாள் தாளை வாங்காமலே, அங்கே போய்ப் பார்க்கப்போவது அடிகளின் ஓலை மட்டும்தானா, மற்ற ஏடுகளை எழுதியவர்கள் எல்லாம் கோபித்துக்கொள்ளமாட்டார்களா என்று கேட்டார். அன்று சப்தரிஷிக்கே சற்று அலுப்பாக இருந்தது.

"அம்மா, ஒரு நாள் பயணம். இதுக்கு இன்னும் எத்தனை தடவை எழுதறது?"

"புதுசா ஒரு லயனுக்கு டைம் டேபிள் போட உங்களுக்கு எவ்வளவு நாள் ஆகும்?"

"ஆறு மாசம்."

"அப்ப நாம வேகமாத்தான் போறோம்" என்றார் அங்கயற்கண்ணி.

இரண்டு வாரம் இப்படிப் போயிற்று. மாலை ஐந்து மணிக்கு சப்தரிஷி தாளோடு கிளம்பிவிடுவார். அய்யாக்கண்ணு வீட்டில் அவர் வருவதற்குள் வேன் நிழலில் இரண்டு நாற்காலிகள் போட்டிருக்கும். முதலில் ஒரு தம்ளர் காப்பி வந்தது. பிறகு காப்பியோடு சுண்டலும் வந்தது. வாங்க போங்க என்பது எந்த நாளில் போயிற்று என்று இருவருக்குமே தெரியாது. ஓலையைப் பற்றி மட்டும் இருவரும் பேசவில்லை. இரண்டு பேரும் அதைத் தமக்கென்று பத்திரமாக வைத்திருந்தார்கள்.

பிறகு ஒரு சிக்கல் வந்தது. சப்தரிஷி எதையும் உறுதி செய்யாமல் விடமாட்டார். அருங்காட்சியகத்துக்குத் தொலைபேசியில் பேசினார். சுவடிப் பிரிவில் நஸ்ரின் என்ற பெண் அதிகாரி பேசினார். ஓலைக்கு வெளிச்சம் ஆகாது, அதனால் ஒரு வாரத்துக்கு ஓர் ஓலைதான் வெளியே வைக்கிறோம் என்றார். ஏழாம் பாட்டு உள்ள ஓலை நான்காம் வாரம் மட்டும்தான் இருக்கும். அவர்கள் திட்டம் போட்டிருந்ததோ இரண்டாம் வாரத்துக்கு.

நான்காம் வாரத்தின் ஞாயிற்றுக்கிழமை அய்யாக்கண்ணுவுக்கு ஒரு கல்யாண சவாரி இருந்தது. மூன்று மாதத்துக்கு முன்பே ஒப்புக்கொண்டது. சப்தரிஷி விஷயத்தைச் சொன்னபோது அவர் நாள்காட்டியைப் பார்த்துவிட்டு, அன்றைக்கு வண்டி சும்மாதான் நிற்கிறது என்றார். அந்தச் சவாரியை லால்குடி வேன்காரருக்கு மாற்றிவிட்டார் என்பதை அவர் மனைவி சுண்டல் கொடுக்கும்போது சொன்னார்.

சப்தரிஷியும் ஒன்றைச் சொல்லாமல் வைத்திருந்தார். அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணுக்கு அறுவை சிகிச்சை அதே வாரம்தான். மருத்துவமனைக்குப் போய் அதை ஒரு மாதம் தள்ளிவைத்துவிட்டு வந்தார். பூதக்கண்ணாடி இருக்கிறது, சமாளித்துவிடலாம் என்று நினைத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வேன் நாலேகாலுக்குப் புறப்படவில்லை. நாலே முக்காலுக்குத்தான் புறப்பட்டது. பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் பலகாரம் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். அதை வைக்க இடம் தேடியதில் அந்த அரை மணி போயிற்று. சிறுகனூர் தாண்டும்போது முதல் பாட்டு ஆரம்பமாயிற்று. பெரம்பலூரில் விடிந்தது. ஆறாம் பாட்டு முடிந்ததும் வழக்கம்போல் எட்டாம் பாட்டுக்குப் போனார்கள். ஓட்டிக்கொண்டிருந்த அய்யாக்கண்ணு கண்ணாடியில் ஒருமுறை பின்னால் பார்த்துக்கொண்டார்.

கண்காட்சிக் கூடத்தில் வெளிச்சம் மிகக் குறைவு. கண் பழக நேரம் ஆயிற்று. சப்தரிஷி நேராகக் கடைசிப் பெட்டிக்குப் போக நினைத்தார். ஆனால் கூட்டம் முதல் பெட்டியிலேயே நின்றுவிட்டது. அரபு எழுத்தில் எழுதிய தோல் ஏடு ஒன்றின் ஓரத்தில் பொன்னில் ஒரு கொடி ஓடியது. அதில் எறும்பளவுக்கு ஒரு பறவை. முதலில் அதைக் கண்டுபிடித்தவர் மூட்டு வலிக்காரர்களில் ஒருவர். பிறகு எல்லோரும் ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து பறவையைத் தேடினார்கள்.

சமணர் ஓலை ஒன்றின் கடைசியில் அதை எழுதியவர் ஒரு குறிப்பு வைத்திருந்தார். அதன் பொருளைப் பக்கத்தில் அச்சடித்து ஒட்டியிருந்தார்கள். முதுகு வளைந்தது, கழுத்து வலிக்கிறது, படிப்பவர்கள் பிழை பொறுத்துக்கொள்ளவும் என்று இருந்தது. அங்கயற்கண்ணி அதைப் படித்துவிட்டு, இவர் குனிந்து எழுதியிருக்கக் கூடாது, பலகையை உயர்த்தி வைத்திருக்க வேண்டும் என்று நர்ஸாகவே சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். சப்தரிஷிகூடச் சிரித்தார். எழுதியவருக்கும் முதுகு இருந்தது என்று அதுவரை அவர் நினைத்துப் பார்த்ததில்லை.

கடைசிப் பெட்டிக்கு வந்து சேர்ந்தபோது ஒரு மணி ஆகியிருந்தது. கண்ணாடிக்குக் கீழே ஒற்றை ஓலை. இரண்டு விரல் அகலம், ஒரு முழ நீளம். எழுத்துகள் நெருக்கமாக, இடைவெளியே இல்லாமல் ஓடின. சொன்னபடி இருவரும் சேர்ந்து குனிந்தார்கள். மற்றவர்கள் சுற்றி நின்றார்கள்.

சப்தரிஷி பூதக்கண்ணாடியை எடுத்துக் கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்தார். அந்த மங்கிய வெளிச்சத்தில் அவருக்குப் பழுப்பாக ஒரு பட்டைதான் தெரிந்தது. நகர்த்திப் பார்த்தார். இடது கண்ணால் பார்த்தார். நிமிர்ந்து கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடியும் குனிந்தார். பிறகு பூதக்கண்ணாடியைப் பக்கத்தில் நகர்த்தினார்.

"கண்ணு, எனக்குத் தெரியல."

"என்ன தெரியல?"

"எழுத்தே தெரியல. ரெண்டு கண்ணுலயும் புரை. நீ படி."

அய்யாக்கண்ணு அவரைப் பார்த்தார். "நான் படிச்சா?"

"நீ சொல்றதுதான்."

சுற்றி நின்றவர்கள் யாருக்கும் அந்த எழுத்து பிடிபடவில்லை. அய்யாக்கண்ணு எதைச் சொன்னாலும் அன்றைக்கு அதுதான். அவர் பூதக்கண்ணாடியை வாங்கிக்கொண்டார். மனப்பாடமான பாட்டு என்பதால், ஆறு என்ற சொல்லை முதலில் பிடித்து, அங்கிருந்து விரலால் எண்ணிக்கொண்டே போனார். கடைசிச் சொல்லில் வந்து நின்றார். வெகு நேரம் நின்றார். ஒருமுறை நிமிர்ந்தார், மறுபடியும் குனிந்தார்.

"ஒத்தக் கொம்பு" என்றார். "ஒத்தக் கொம்பு, த, அப்புறம் ஒரு கால், ழ. தொழன்னுதான் இருக்கு ரிஷி. நீ சொன்னதுதான்."

பதினோரு ஆண்டாக சப்தரிஷி காத்திருந்த சொல் அது. அது வந்துவிட்டது. மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் அய்யாக்கண்ணுவின் தோளில் கை வைத்தார். பிறகு, இத்தனை நாள் உன் அம்மா பாடியது உன் காதிலேயே இருக்கிறது கண்ணு, அந்தக் குரலுக்கு ஓலை எதற்கு என்று மெதுவாகச் சொன்னார்.

அப்போது நஸ்ரின் அந்தப் பக்கம் வந்தார். முப்பது வயது இருக்கும். தொலைபேசியில் மூன்று தடவை பேசிய ஓடத்துறைக்காரர்கள் இவர்கள்தாம் என்று தெரிந்து மகிழ்ந்தார். என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டார். அய்யாக்கண்ணுவே சொன்னார். தொழவா தோழவா என்று ஒரு வழக்கு, ஓலை தீர்த்துவிட்டது, நான் தோற்றுவிட்டேன் என்றார்.

நஸ்ரின் ஓலையைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்தார்.

"ஒத்தக் கொம்பைப் பாத்தா சொல்றீங்க?"

"ஆமாங்க."

"இந்த ஓலை முழுக்கத் தேடிப் பாருங்க. இரட்டைச் சுழிக் கொம்பு ஒன்னுகூட இருக்காது. அந்தக் காலத்துல குறிலுக்கும் நெடிலுக்கும் ஒரே கொம்புதான் போடுவாங்க. நீங்க வேறொன்று வேண்டேன்னு பாடுறீங்கல்ல, இங்க வெறொன்று வெண்டென்னுதான் இருக்கு. புள்ளியும் வைக்கமாட்டாங்க. படிக்கிறவங்களுக்குப் பாட்டு தெரிஞ்சிருக்கும்னு நம்பி எழுதினது இதெல்லாம்."

சப்தரிஷிதான் முதலில் கேட்டார்.

"அப்ப அதைத் தோழன்னும் படிக்கலாமா?"

"தாராளமா."

"அப்ப இவன் சொன்னது தப்பில்லையே?"

"ரெண்டுல எதையும் தப்புன்னு சொல்ல இந்த ஓலையில ஆதாரம் இல்லங்க ஐயா."

சப்தரிஷி அய்யாக்கண்ணுவைப் பார்த்தார். அய்யாக்கண்ணு சப்தரிஷியைப் பார்த்தார். முதலில் சப்தரிஷியின் வயிறு குலுங்கியது. அவர் வாயை இறுக்கி அடக்கிப் பார்த்தார். அய்யாக்கண்ணு பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டு அவரை உற்றுப் பார்த்தார். அவ்வளவுதான். இரண்டு கிழவர்களும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள். சத்தம் கேட்டு வந்த காவலாளி உதட்டில் விரல் வைத்துக் காட்டினார். ஆனால் நஸ்ரினும் சிரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு அவர் திரும்பிப் போனார்.

மூன்று மணிக்கு வேன் ஊர் நோக்கித் திரும்பியது. தாம்பரம் தாண்டுவதற்குள்ளேயே ஒரு புதிய தகராறு ஆரம்பமாயிற்று. யோசித்துப் பார்த்தால் தோழ என்பதுதான் அடிகளுக்குப் பொருத்தம் என்றார் சப்தரிஷி. ஆற்றில் ஆளைக் கடத்தி விடுகிறவர் எல்லோரையும் தோழன் என்றுதானே கூப்பிட்டிருப்பார், கடவுளை மட்டும் வேறு மாதிரியா கூப்பிடுவார் என்றார். அய்யாக்கண்ணு ஒப்புக்கொள்ளவில்லை. தன் கண்ணால் ஒற்றைக் கொம்பைப் பார்த்தவன் நான், பார்க்காதவன் பேசக் கூடாது என்றார். செங்கல்பட்டுப் பாலத்தில் வண்டி அரை மணி நின்றபோதும் இது ஓயவில்லை. கடைசியில் பின்னால் இருந்த பெண்கள் பொறுக்க முடியாமல் ஏழாம் பாட்டை ஆரம்பித்துவிட்டார்கள். பதின்மூன்று பேரும் பாடினார்கள். கடைசிச் சொல் வந்தபோது யார் எதைப் பாடினார்கள் என்று கேட்டால் ஒருவராலும் சொல்ல முடியாது. சிரிப்பில் பாதிப் பேருக்கு அந்தச் சொல்லே வாயில் வரவில்லை.

உளுந்தூர்ப்பேட்டைக்குச் சற்று முன்னால், பொழுது சாயும் நேரத்தில், ஒரு தேநீர்க் கடையில் நிறுத்தினார்கள். அய்யாக்கண்ணு பலகைப் படியை எடுத்துக் கதவுக்குக் கீழே வைத்தார். எல்லோரும் இறங்கி நடந்து காலை உதறிக்கொண்டார்கள். அங்கயற்கண்ணி தம்ளரோடு ஒரு வேப்பமரத்தடியில் நின்றார். சப்தரிஷி அவரிடம் வந்தார்.

அவர் கேட்க வந்ததை உடனே கேட்கவில்லை. தேநீர் நன்றாக இருக்கிறது என்றார். பிறகு கேட்டார்.

"அம்மா, ஓலையில ஒரே கொம்புதான் இருக்கும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும். எங்க வாத்தியார் சொல்லிக்குடுத்திருக்கார்."

"அப்ப அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா. ஒரு வார்த்தைதானே. இத்தனை பேரைக் கூட்டிக்கிட்டு, இத்தனை தடவை எழுதி, இவ்வளவு தூரம் வந்து..."

கடை வாசலில் அய்யாக்கண்ணு, இரண்டு கையிலும் இரண்டு வடையோடு, ரிஷி எங்கே என்று யாரிடமோ விசாரித்துக்கொண்டிருந்தார்.

அங்கயற்கண்ணி தம்ளரைக் கீழே வைத்தார்.

"சொல்லியிருந்தா நீங்க உங்க வீட்டுல உக்காந்து தெரிஞ்சுக்கிட்டிருப்பீங்க. அய்யாக்கண்ணு ஐயா அவர் வீட்டுல உக்காந்து தெரிஞ்சுக்கிட்டிருப்பார்."